வினைல் இல்லை, அரக்கு: பரணில் இருக்கும் பிளேட்டைத் துடைக்கும் முன்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

போன பொங்கல் லீவில் தென்னேரியில் ஆயா வீட்டுப் பரணைக் காலி செய்தோம். மூன்று தறி ஓடிய வீடு அது. இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. பரணில் இருந்ததெல்லாம் தறிச் சாமான்: உடைந்த நாடா, கயிற்றில் கோத்த ஜக்கார்டு அட்டைக் கட்டுகள், பல் போன அச்சு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே எட்டு கிராமபோன் பிளேட்டு. ஏழில் லேபிள் படிக்கிற மாதிரி இருந்தது. எட்டாவதின் லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. "அம்மாள்" என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம். ஆயா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுலதான்டா அந்த அம்மா பாட்டு இருக்குது. உங்க தாத்தாவோட அப்பா காஞ்சிபுரத்துல வாங்கியாந்தது. நான் கல்யாணம் ஆகி வந்தப்போ தினம் சாயங்காலம் வெப்பாரு"ன்னு சொன்னார். ஆயாவுக்கு இப்போது 84 வயது.

நான் என்ன செய்தேன்? போனை எடுத்து "பழைய வினைல் ரெக்கார்டு சுத்தம் செய்வது எப்படி" என்று தேடினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோ வந்தது. பழைய ஜாஸ் தட்டுகள் சேர்க்கிறவர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து அழகாகத் துடைத்தார். நம்மிடம்தான் அது இருக்கிறதே! புராஜெக்ட் போர்டில் சால்டரிங் கறையைத் துடைக்க வாங்கிய பாட்டில் பையிலேயே இருந்தது. தண்ணீர்கூடக் கலக்காமல் பஞ்சில் ஊற்றித் தேய்த்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு பார் என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அது அழுக்கு இல்லை. பிளேட்டு.

அந்த வீடியோவின் கடைசியில் அவரே எச்சரிக்கை சொல்கிறார், 78 சுற்றுத் தட்டில் இதைச் செய்யாதீர்கள் என்று. நான் பாதியிலேயே நிறுத்தியிருந்தேன்.

எது வினைல், எது அரக்கு

பழைய தட்டு என்றாலே வினைல் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். விற்பனை விளம்பரத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் வினைலில் செய்த எல்.பி. சந்தைக்கு வந்தது 1948இல். முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று சொல்லப்படுவது 1917இல் நியூயார்க்கில் பதிவானது. ஆரம்பகால ஜாஸ், கிட்டப்பாவின் நாடகப் பாட்டு, கௌஹர் ஜான் கல்கத்தாவில் 1902இல் பாடியது எல்லாமே வந்தது 78 சுற்றுத் தட்டில். அது வினைல் இல்லை, ஷெல்லாக். நம் ஊர்ப் பெயர் அவலரக்கு. அவல் மாதிரி செதில் செதிலாக இருப்பதால் அந்தப் பெயர்.

அரக்கு எங்கிருந்து வருகிறது? நம் நாட்டுக் காட்டிலிருந்துதான். புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கிற பிசின் அது. இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அதிகம். இதற்கென்றே 1924இல் ராஞ்சியில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர் ஊதிய கார்னெட்டாக இருந்தாலும், அது நம் பக்கத்துப் பூச்சியின் பிசினில்தான் பதிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தட்டில் அரக்கு கொஞ்சம்தான். பாதிக்கு மேல் கல்பொடி. அதோடு கறுப்பு நிறத்துக்கு கார்பன், உடையாமல் பிடிக்கப் பஞ்சு இழை. இத்தனையையும் ஒட்டிப் பிடிப்பது அரக்கு. இப்போது கெமிஸ்ட்ரிக்கு வருவோம். வினைல் என்பது பி.வி.சி. ஆல்கஹால் அதைக் கரைக்காது. அரக்கு இயற்கைப் பிசின். அலியூரிட்டிக் அமிலம் முதலானவை கோத்த எஸ்டர். அது ஆல்கஹாலில் கரையும். மர வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஸ்பிரிட்டில் அவலரக்கை ஊறப்போட்டால் பாலிஷ் ரெடி. நான் செய்தது பாலிஷ் போடுகிற வேலை. ஒட்டுப் பிசின் கரைந்ததும் கல்பொடியும் கார்பனும் பஞ்சோடு வந்துவிட்டன. பாட்டும்தான்.

உங்கள் கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கனமாக இருக்கும், வளையாது, விழுந்தால் ஓடு மாதிரி உடையும். பெரும்பாலும் 10 அங்குலம், ஒரு பக்கம் மூன்று நிமிடம். பள்ளம் வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு அகலம். லேபிளில் "78" என்று இருக்கலாம். வேகமே போடாமலும் இருக்கலாம், அப்போது வேறு வேகம் இல்லையே. நாய் மார்க், ட்வின், கொலம்பியா, ஓடியன் இவற்றில் ஒன்றாக இருந்தால் அநேகமாக அரக்குத்தான். ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் நாட்டில் 1960களிலும் 78 அழுத்திக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78இல் வந்தது. இங்கிலாந்தில் அதை நிறுத்தி நாளானதால், டம்டம்மில் அழுத்திய அந்தத் தட்டுகளை இன்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை

"யூடியூபில் கிடைக்குமே" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலை ஜாஸ் சேர்க்கிறவர்களிடமிருந்தே சொல்கிறேன்.

1920களில் பாரமவுண்ட் என்று ஓர் இசைத்தட்டு நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்தது. நடத்தியது நாற்காலி செய்கிற கம்பெனி! கறுப்பின மக்களின் ஜாஸையும் புளூஸையும் நிறையப் பதிவு செய்தார்கள். 1930களின் தொடக்கத்தில் மூடினார்கள். மூல உலோக அச்சுகளில் பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போனது. அதனால் இன்று அந்தப் பாட்டுகளை எந்த வடிவில் கேட்டாலும், அது யாரோ ஒருவர் வீடு வீடாக அலைந்து வாங்கிய தேய்ந்த பிளேட்டிலிருந்து எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். யூடியூபுக்கு மேலே இருந்து எதுவும் விழவில்லை. யாரோ ஒருவர் பரணில் ஏறினார்.

பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. ஜாஸின் முதல் மன்னர் என்று சொல்லப்படும் பட்டி போல்டன் எப்படி ஊதினார் என்று கேட்க இன்று ஒரு தட்டும் இல்லை. அவருக்குப் பின் வந்த ஃப்ரெடி கெப்பர்டுக்கு 1916 வாக்கில் பதிவு செய்ய அழைப்பு வந்தது, தன் வித்தையை மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார் என்பார்கள். பிறகு 1926இல் அதே பாரமவுண்டுக்கு ஊதினார். அதற்குள் முதல் ஜாஸ் தட்டு என்ற பெயரை ஒரு வெள்ளையர் குழு எடுத்துக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது காஞ்சிபுரம் நைனா பிள்ளை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். லயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு பாடுவார்; அதற்கு "ஃபுல் பெஞ்ச்" என்றே பெயர். இசைத்தட்டுக்கு மட்டும் பாடவில்லை. மூன்று நிமிடத்தில் அவர் பல்லவியை எங்கே அடக்குவது? அவர் முடிவு சரியா தப்பா என்று சொல்ல நான் யார். ஆனால் விளைவு இதுதான்: அவர் எப்படிப் பாடினார் என்பதை நாம் படிக்கலாம், கேட்க முடியாது.

அதே வீட்டில் இன்னொரு பக்கம் பாருங்க. அவருடைய தாயின் சகோதரி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கிராமபோன் வந்த புதிதிலேயே தட்டில் பாடியவர். நைனா பிள்ளையைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள் 1930களிலிருந்து தட்டுத் தட்டாகப் பாடினார். ஒரே ஊர், ஒரே மரபு. இரண்டு பேர் குரல் இருக்கிறது, நடுவில் இருந்தவர் குரல் இல்லை. வித்தியாசம் இந்த அரக்குத் தட்டு மட்டும்தான். கோயம்புத்தூர் தாயியின் பிளேட்டு பிரான்ஸ் வரை போனது. மோரீஸ் தெலாழ் என்ற இசையமைப்பாளர் அதைக் கேட்டு, அதை ஒட்டியே "ராகமாலிகா" என்று ஒன்று அமைத்தார். அந்தக் காலத்தில் அச்சில் பெயர் வராத எத்தனையோ பெண்களின் குரல் தட்டில் வந்திருக்கிறது. என் ஆயா சொன்ன "அந்த அம்மா"வும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதே பரணில் ஜக்கார்டு அட்டையும் இருந்தது என்றேன் அல்லவா. அட்டையில் ஓட்டை உண்டு அல்லது இல்லை, அது டிஜிட்டல். ஓர் அட்டை கிழிந்தால் டிசைன் தாளைப் பார்த்து வேறு அட்டை குத்திக்கொள்ளலாம். பிளேட்டின் பள்ளம் அனலாக். காற்று எப்படி அசைந்ததோ அதே அசைவு கல்லும் பிசினுமாக உறைந்திருக்கிறது. தேய்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எந்தத் தாளும் கிடையாது.

சரி, என்ன செய்யவேண்டும்

முதல் வேலை, ஓட்டிப் பார்க்காமல் இருப்பது. கை அரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுங்கள். இரண்டு பக்க லேபிளும், லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையமும். அந்த வளையத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் பொறித்த எண் தெரியும். லேபிளில் இருப்பது விற்பனை எண். வளையத்தில் இருப்பது பதிவு எண், மேட்ரிக்ஸ் என்பார்கள். லேபிள் போனாலும் இது போகாது. பழைய பட்டியல்கள் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை வைத்தே பாடியவர் யார் என்று கண்டுபிடிப்பார்கள். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இந்த மாதிரி விவரங்களைத் திரட்டி இதழே நடத்தியது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனி ஆளாகப் பல்லாயிரம் 78களைச் சேர்த்தவர். மிகப் பழைய தட்டில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வதும் உண்டு. தட்டு அழுத்துவது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரியவேண்டுமே, அதற்காக என்பார்கள்.

அடுத்து சுத்தம். காய்ச்சி வடித்த தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுவது போதும்), அதில் ஆல்கஹால் கலக்காத மிதமான திரவ சோப்பு ஓரிரு சொட்டு. மிருதுவான பிரஷ்ஷால் பள்ளம் ஓடுகிற திசையில் மட்டும் சுற்றித் தேய்க்கவேண்டும். லேபிள் நனையக்கூடாது. வெந்நீர் கூடாது. சானிடைசர், கண்ணாடி துடைக்கிற நீலத் திரவம், லேப்பில் இருக்கிற எந்த பாட்டிலும் கூடாது. வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, நிழலில் நிற்க வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். வைப்பதும் நிற்க வைத்தே. படுக்க அடுக்கினால் அடியில் இருப்பது விரியும்.

இப்போது ஊசி. இன்று சூட்கேஸ் மாதிரி வருகிற பிளேயர்களில் 78 என்று ஸ்விட்ச் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எல்.பி. ஊசி. அதன் முனை ஆரம் 0.02 மில்லிமீட்டர் சுமார். 78இன் பள்ளத்துக்கு வேண்டியது சுமார் 0.075, அதாவது 3 மில். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய் அங்கே இருக்கும் தூசியிலும் கல்லிலும் புரளும். பாட்டு இருப்பது பக்கச் சுவரில். ஆகவே 78க்கென்று தனி ஊசி வாங்குங்கள். ரிட்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும்.

தாத்தா காலத்து கைச்சாவி கிராமபோனே இருந்தால் அதில் வைக்கலாமா? ஆசைக்கு, நிறையப் பிரதி கிடைக்கிற சினிமாப் பாட்டை வைக்கலாம். ஆனால் அதன் தலை நூறு கிராமுக்கு மேல் கனம், இன்றைய கார்ட்ரிட்ஜ் அழுத்துவது நாலைந்து கிராம். அதோடு இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றியே ஆகவேண்டும். அது கஞ்சத்தனம் பார்க்கிற இடமில்லை. தட்டில் கல்பொடி கலந்ததே ஒரு வகையில் இதற்குத்தான்: முதல் சில சுற்றில் கல்பொடி ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும். அதே ஊசியை இரண்டாம் தட்டில் வைத்தால், தேய்ந்த விளிம்பு உளியாகிவிடும். நம் வீட்டுத் தட்டுகள் பலவும் கரகரப்பதற்குக் காரணம் வயது இல்லை. ஒரே ஊசியை ஒரு மாதம் ஓட்டியதுதான்.

எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற இடம் இனிமேல். 78இன் பள்ளம் இடவலமாக மட்டும் அசையும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்தால் பாட்டு இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி வரும். மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் எதிர்க் கட்டத்தில் வரும். இரண்டையும் கூட்டினால் பாட்டு நிற்கும், அந்த இரைச்சல் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். காசு செலவில்லாத ஃபில்டர் இது. 24 பிட்டில் எடுத்து, எதையும் திருத்தாத மூலக் கோப்பை முதலில் தனியாக வைத்துவிடுங்கள். கரகரப்பு நீக்குவதெல்லாம் பிரதியில். ஆடாசிட்டி போதும். ஆர்வத்தில் அதிகம் நீக்கினால் தம்புரா முதலில் காணாமல் போகும். நான் அதையும் செய்து பார்த்தேன்.

வேகம் முக்கியம். 78 என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை இருக்கும். வேகம் 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். பாடகர் யார் என்று தெரிந்து அவர் சுருதியும் தெரிந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். டர்ன்டேபிள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, 77 கோடு போட்ட வட்டத்தாள் ஒன்றை அச்சடித்து மேலே வையுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். நிமிடத்துக்கு 6000 மினுக்கலை 77ஆல் வகுத்தால் 77.92, அந்த வேகத்தில் கோடுகள் நின்ற மாதிரி தெரியும். எல்.இ.டி. விளக்கு பலதும் அப்படி மினுக்காது. குண்டு பல்ப் தேடுங்கள்.

வாங்கிச் சேர்க்க ஆசை இருந்தால், சென்னையில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985இல் எரிந்தது. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கண்ணில் படும். ஐம்பதுகளின் சினிமாத் தட்டுக்கு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் நடையைக் கட்டுங்கள். என்னைக் கேட்டால், சந்தைக்குப் போகும் முன் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களைப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டை இடித்துக் கட்டும்போது தறிக்கட்டையோடு சேர்த்து எடைக்குப் போடுவது இதைத்தான்.

என் எட்டாவது தட்டுக்கு வருகிறேன். நல்லவேளையாக ஒரு பக்கத்தைத்தான் துடைத்திருந்தேன். 3 மில் ஊசி வந்ததும் ஏழு தட்டையும் எடுத்துவிட்டு, கடைசியில் இதன் மறுபக்கத்தை வைத்தேன். கரகரப்புக்கு நடுவில் ஹார்மோனியம், அப்புறம் ஒரு பெண் குரல், எடுத்த எடுப்பில் மேல் ஸ்தாயி. மூன்று நிமிடம். ஹெட்போனை ஆயா காதில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கழற்றிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பாடுது. ஆனா இது இல்லடா. அது அந்தப் பக்கம்."

துடைத்த பக்கத்தை ஓட்டினால் முதல் ஒரு நிமிடம் வெறும் மழைச் சத்தம். பிறகு எங்கோ தூரத்தில் இரண்டு வரி, திரும்ப மழை. ஆனால் வளையத்தில் எண் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும். ஒரு தட்டு மட்டும் அழுத்த மாட்டார்கள், நூற்றுக்கணக்கில் அழுத்தியிருப்பார்கள். அதன் இன்னொரு பிரதி எங்கோ ஒரு பரணில் இருக்கவேண்டும். இரண்டு எண்களையும், மிச்சமிருக்கும் லேபிளின் படத்தையும் நம் இதழ்க் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு தடவை ஏணி போட்டுப் பார்த்துவிட்டு வாங்க. பாட்டிலை மட்டும் ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுப் போங்க.